ட்ராயிங்கில் 'ஹிப்' என்று வந்தால்: பீன்யா பட்டறைக்குப் புதியவர்களுக்கு

ஓசூர், தருமபுரி, சேலம் பக்கமிருந்து டிப்ளமோவோ ஐ.டி.ஐ.யோ முடித்துவிட்டு பெங்களூருக்கு வேலைக்கு வருகிறவர்களில் நிறையப் பேர் பீன்யா, பொம்மசந்திரா, ஜிகனி பட்டறைகளில்தான் முதலில் சேர்கிறார்கள். லேத், மில்லிங், கிரைண்டிங் எல்லாம் படிக்கும்போதே கைபட்டிருக்கும். ஆனால் விமானம், ராக்கெட், எலும்பில் பொருத்தும் இம்பிளான்ட் போன்ற வேலைகளை எடுக்கிற பட்டறையாக இருந்தால், என்றாவது ஒரு ட்ராயிங்கின் ஓரக் குறிப்பில் 'ஹிப் செய்ய வேண்டும்' என்று ஒரு வரி இருக்கும். "அண்ணா, இது ஹீட் ட்ரீட்மென்ட் மாதிரியா?" என்று சீனியரிடம் கேட்டால், "ஆமாப்பா, அந்த மாதிரிதான், வெளியே அனுப்பி வாங்கிக்கலாம்" என்பார்.

ஹிப் என்பது உலோகத்துக்குள் இருக்கும் துளைகளைச் சூட்டாலும் வாயு அழுத்தத்தாலும் மூடும் முறை. வெளியே அனுப்பும் வேலைதான். ஆனால் ஹிப் நன்றாக வருமா வராதா என்பதில் பெரும்பகுதி, பொருள் நம் கேட்டைத் தாண்டுவதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. அதனால் ஹிப் இயந்திரத்தை ஓட்டுவது எப்படி என்பதைவிட, அனுப்புவதற்கு முன்னும் திரும்பி வந்த பின்னும் நாம் செய்ய வேண்டியதைத்தான் இங்கே அதிகம் எழுதியிருக்கிறேன்.

உள்ளே நடப்பது என்ன

முழுப் பெயர் ஹாட் ஐசோஸ்டேட்டிக் பிரசிங். தடித்த சுவருள்ள ஓர் அழுத்தக் கலனுக்குள் மின்உலை இருக்கும். பாகங்களை அதில் அடுக்கி மூடி, காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, ஆர்கான் வாயுவை ஏற்றிச் சூடாக்குவார்கள். அழுத்தம் வழக்கமாக 100 மெகாபாஸ்கல் அளவில் இருக்கும். அதாவது சுமார் 1000 பார். கடலுக்குள் 10 கிலோமீட்டர் ஆழத்தில் இருக்கும் அழுத்தத்துக்குக் கிட்டத்தட்டச் சமம். வெப்பம் உலோகத்தைப் பொறுத்தது. அலுமினிய வார்ப்புக்கு 500 டிகிரி செல்சியஸை ஒட்டி, டைட்டானியத்துக்கு 900க்கு மேல், நிக்கல் கலவைகளுக்கு 1100, 1200.

சாதாரண பிரஸ் ஒரு பக்கத்திலிருந்து நசுக்கும். வாயு எல்லாப் பக்கத்திலிருந்தும் ஒரே அளவில் அழுத்தும், பள்ளியில் படித்த பாஸ்கல் விதியேதான். அதனால் பாகத்தின் வெளி உருவம் பெரிதாக மாறுவதில்லை. சூட்டில் இளகிய உலோகம் உள்ளே இருக்கும் காலி இடங்களை நோக்கி மெல்ல நகர்கிறது. ஓட்டையின் எதிரெதிர்ச் சுவர்கள் ஒன்றையொன்று தொடுகின்றன. தொட்ட பிறகு அணுக்கள் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் ஊடுருவி, உலோகம் ஒன்றாகப் பிணைந்துவிடுகிறது. பிணைப்புதான் இதில் முக்கியம். மூடினால் மட்டும் போதாது. ஹிப்புக்கு முன்னும் பின்னும் வெட்டி மெருகேற்றிய இரண்டு துண்டுகளை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பாருங்கள். முதல் துண்டில் கறுப்புப் புள்ளிகளாகத் தெரிந்த துளைகள் இரண்டாவதில் இருக்காது. ஆசிடில் எட்ச் செய்து பார்த்தால், பழைய ஓட்டை இருந்த கோட்டைத் தாண்டி உலோகத் துகளமைப்பு வளர்ந்திருக்கும். இந்தக் காட்சியை ஒருமுறையாவது நேரில் பார்த்துவிடுங்கள். அதற்கு அப்புறம் இந்த வேலையின் மேல் வரும் மரியாதையே வேறு.

1955இல் அமெரிக்காவின் கொலம்பஸ் நகரில் உள்ள பேட்டல் ஆய்வு நிறுவனத்தில் இந்த முறை பிறந்தது. அணு எரிபொருளின் மேல் உலோக உறையை ஒட்ட வைப்பதற்காகச் செய்த வேலை அது. வார்ப்புகளுக்கும் 3டி பிரின்ட் பாகங்களுக்கும் பின்னால்தான் வந்தது.

எது மூடும், எது மூடாது

புதியவர்கள் சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான். உலோகத்துக்குள் முழுக்க அடைபட்ட துளைதான் ஹிப்பில் மூடும். மேற்பரப்போடு மயிரிழை அளவு வழி இருந்தாலும் ஆர்கான் அதன் வழியே உள்ளே போய்விடும். உள்ளேயும் வெளியேயும் ஒரே அழுத்தம் என்றானபின் துளை எப்படி மூடும்? போனபடியே திரும்பி வரும்.

ஆகவே மேற்பரப்புக்குத் திறந்த குறைகளை அனுப்பும் முன்பே கண்டுபிடிக்க வேண்டும். வார்ப்பாக இருந்தால், திறந்த விரிசலுக்குள் சாயத் திரவத்தை ஊறவிட்டுப் பார்க்கும் டை பெனட்ரன்ட் சோதனை நன்றாகக் காட்டிக்கொடுக்கும். திறந்த குறை தெரிந்தால், வாடிக்கையாளர் அனுமதித்தால் வெல்டிங் செய்து வாயை அடைத்துவிட்டு அனுப்பலாம். 3டி பிரின்ட் பாகத்தின் சொரசொரப்பான மேற்பரப்பில் பெனட்ரன்ட் எங்கும் தங்கிக் குழப்பிவிடும், அதற்கு சி.டி. ஸ்கேன்தான் நம்பகமான வழி. எந்தச் சோதனை செய்தாலும் அந்தத் திரவம் ஒரு சொட்டுகூட மிச்சமில்லாமல் கழுவி உலர்த்திவிட்டுத்தான் அனுப்ப வேண்டும்.

இன்னொன்று: அனுப்பும் முன் அவசரப்பட்டு ரஃப் மெஷினிங் செய்யாதீர்கள். வார்ப்பின் வெளித்தோலுக்குச் சற்றுக் கீழே இருந்த மூடிய துளை, இரண்டு மில்லிமீட்டர் சீவியதும் திறந்த துளையாகிவிடும். ஹிப்பில் சரியாகியிருக்க வேண்டிய குறையை நாமே சரியாகாத குறையாக்கி அனுப்புகிறோம். தோலோடு அனுப்பி, வந்த பிறகு சீவுவதுதான் முறை.

மூடிய துளைகளிலும் எல்லாம் ஒன்றல்ல. உருகிய உலோகம் சுருங்கியதால் வந்த வெற்றிடம் என்றால் நன்றாக மூடும். துளைக்குள் ஆர்கானே சிறைப்பட்டிருந்தால் கதை வேறு. ஆர்கானில் தெளித்து உண்டாக்கிய பவுடருக்குள் அப்படிச் சில குமிழிகள் இருப்பதுண்டு. ஆர்கான் உலோகத்தில் கரையாது. அழுத்தத்தில் குமிழி கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சுருங்கும், ஆனால் வாயு உள்ளேயே இருக்கும். அப்புறம் அழுத்தமில்லாத உலையில் ஹீட் ட்ரீட்மென்ட் செய்யும்போது அது மறுபடி ஊதிப் பெரிதாகலாம். ஹிப் ரிப்போர்ட்டில் சுத்தமாக இருந்த பாகம் ஹீட் ட்ரீட்மென்ட்டுக்குப் பின் துளையோடு வந்தால், முதலில் பவுடரின் மேல் சந்தேகப்படுங்கள்.

அலுமினிய வார்ப்புகளில் துளையின் உட்சுவரிலேயே ஆக்சைடு படலம் இருக்கும். சுவர்கள் தொட்டாலும் படலம் நடுவில் நிற்பதால் பிணைப்பு முழுமையாகாது. உருக்கும்போதும் ஊற்றும்போதும் செய்த தவறை ஹிப் முழுக்கத் துடைத்துவிடும் என்று நம்பக் கூடாது.

அனுப்பும் முன்

3டி பிரின்ட் பாகம் என்றால் முதல் வேலை, உள்ளே தங்கிய பவுடரை எடுப்பது. குளிர்விக்கும் கால்வாய், லாட்டிஸ் (வலைக்கூடு) என்று உள்ளே வழிகள் இருக்கும் பாகத்தில் உருகாத பவுடர் ஒளிந்திருக்கும். அதோடு ஹிப்புக்குப் போனால் அந்தச் சூட்டில் பவுடர் இறுகி, கால்வாய் நிரந்தரமாக அடைபட்டுவிடும். தட்டி, அதிரவைத்து, திருப்பித் திருப்பிக் கொட்டுங்கள். காற்று ஊதும்போது பவுடர் பறக்காத இடத்தில் முகமூடியோடு செய்யுங்கள். டைட்டானியப் பவுடர் தீப்பிடிக்கக்கூடியது. பிறகு எடைபோட்டு, கணக்கிட்ட எடையோடு ஒப்பிடுங்கள். கூடுதலாக இருந்தால் பவுடர் இன்னும் உள்ளே இருக்கிறது என்று அர்த்தம்.

பிரின்ட் செய்த தட்டிலிருந்து ஒயர்கட்டில் அறுத்தெடுக்கும் முன் ஸ்ட்ரெஸ் ரிலீவ் (உள் இறுக்கத்தைத் தளர்த்தும் சூடாக்கல்) முடிந்ததா என்று, வேலைப் படிகள் எழுதிய ரூட் கார்டில் பாருங்கள். முடியாமல் அறுத்தால் பாகம் வளைந்துகொள்ளும். வளைந்ததை ஹிப் நிமிர்த்தாது.

அடுத்தது சுத்தம். கூலன்ட், கைரேகை எண்ணெய், மார்க்கர் மை எதுவும் இருக்கக் கூடாது. மார்க்கரில் எழுதிய பாக எண் உலையில் எரிந்துபோகும், அதோடு உலையையும் அழுக்காக்கும். எண்ணை உலோகத்திலேயே பொறியுங்கள், அல்லது அதே வகை உலோகத்தில் ஒரு டேக் கட்டுங்கள். 'அதே வகை உலோகம்' என்பதை அழுத்திச் சொல்கிறேன். டைட்டானியமும் நிக்கலும் ஒட்டியிருக்கும் இடத்தில் சுமார் 942 டிகிரியிலேயே இரண்டும் சேர்ந்து உருகத் தொடங்கும். டைட்டானியத்தை ஹிப் செய்யும் வெப்பமும் அதே வட்டாரத்தில்தான் இருக்கிறது. நிக்கல் கலவைக் கம்பியில் டேக் கட்டி அனுப்பிய டைட்டானியப் பாகத்தில், கம்பி பட்ட இடம் குழியாகக் கரைந்துபோகலாம். ஒரே உலோகம் என்றாலும் பாகமும் பாகமும் தொட்டபடி இருந்தால் அந்த அழுத்தத்தில் ஒட்டிக்கொள்ளும். நடுவில் பீங்கான் தடுப்பு வைக்க வேண்டும் என்று பர்ச்சேஸ் ஆர்டரிலேயே எழுதிவிடுங்கள்.

சோதனைத் துண்டுகளையும் மறக்காதீர்கள். பாகம் பிரின்ட் ஆன அதே தட்டில், அல்லது அதே உருக்கில் ஊற்றிய டெஸ்ட் பார்கள், பாகத்தோடு அதே லோடில் ஹிப்புக்குப் போக வேண்டும். வேறு லோடில் போன டெஸ்ட் பார் நம் பாகத்தைப் பற்றி எதையும் சொல்லாது.

எண்களை யார் சொல்வது

எந்த வெப்பம், எந்த அழுத்தம், எவ்வளவு நேரம் என்பதை, ஹிப் செய்து தரும் வெண்டர் முடிவு செய்யக் கூடாது. நம் ட்ராயிங்கும் அது குறிப்பிடும் தரநிலையும்தான் முடிவு செய்ய வேண்டும். பவுடர் பெட் முறையில் (பரப்பிய பவுடரை அடுக்கடுக்காக உருக்கி) பிரின்ட் செய்த டைட்டானியம் 6-4 கலவைக்கு ஏ.எஸ்.டி.எம். எஃப் 2924 தரநிலை சொல்வது: 895க்கும் 955 டிகிரிக்கும் இடையில் ஒரு வெப்பத்தைத் தேர்ந்தெடுத்து, குறைந்தது 100 மெகாபாஸ்கலில், 180 நிமிடம், கூடக்குறைய 60 நிமிடம். இன்கோனல் 718 என்ற நிக்கல் கலவைக்கு எஃப் 3055இல் 1120க்கும் 1185க்கும் இடையில், அதே அழுத்தம், 240 நிமிடம், கூடக்குறைய 60. இவை உலையில் நிறுத்திவைக்கும் நேரம் மட்டும்தான். சூடேற, ஆற எல்லாம் சேர்த்தால் ஒரு சுழற்சிக்குப் பெரும்பாலும் ஒரு ஷிப்ட் முழுக்கப் போய்விடும்.

'தரநிலைப்படி ஹிப் செய்க' என்று மட்டும் எழுதி அனுப்புகிறவர்கள் உண்டு. அது போதாது. வெப்ப எல்லை, குறைந்தபட்ச அழுத்தம், நேரம், எந்த வெப்பத்துக்குக் கீழே ஆறிய பிறகு கலனைத் திறக்கலாம், ஆர்கானின் தூய்மை ஆகிய ஐந்தையும் எழுதுங்கள்.

தூய்மைக்கு இவ்வளவு முக்கியத்துவம் ஏன் என்று கேட்பீர்கள். ஆர்கானில் பத்து லட்சத்தில் 10 பங்கு ஆக்சிஜன் இருந்தால் வழக்கமான வேலைகளில் அது ஒன்றுமே இல்லை. ஆனால் 1000 பார் அழுத்தத்தில் அந்த ஆக்சிஜனின் பங்கு மட்டும் 0.01 பார் ஆகிறது. நல்ல வேக்குவம் உலையில் இருப்பதைவிட இது பல மடங்கு அதிகம். டைட்டானியம் ஆக்சிஜனை விழுங்கும் உலோகம். மேல்தோல் கடினமாகி நொறுங்கும் தன்மை வந்துவிடும். இதைத் தடுக்க டைட்டானியத் தகட்டால் சுற்றி வைப்பது ஒரு வழக்கம். வாயுவில் உள்ள ஆக்சிஜனைத் தகடு வாங்கிக்கொள்ளும்.

செலவு விஷயத்தில் ஒரு வழி இருக்கிறது. கட்டணம் பெரும்பாலும் கலனில் நம் பொருள் அடைக்கும் இடத்தைப் பொறுத்தது. நம் எண்களும் வேறொருவர் எண்களும் ஒன்றாக இருந்தால் ஒரே சுழற்சியில் சேர்த்து ஓட்டுவார்கள். தனிச் சுழற்சியைவிட மலிவு. வாடிக்கையாளர் கொடுத்த எல்லைக்குள் இருக்குமானால், வெண்டர் வழக்கமாக ஓட்டும் எண்களையே கேட்டு வாங்குவது புத்திசாலித்தனம். ஆனால் நம் உலோகத்தை வேறு உலோகத்தோடு கலந்து ஏற்றக் கூடாது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

பவுடரை நேராகப் பாகமாக்குவது

வார்ப்பும் இல்லாமல் பிரின்ட்டும் இல்லாமல், பவுடரிலிருந்தே பாகம் செய்ய ஹிப் உதவும். மெல்லிய எஃகுத் தகட்டில் உறை ஒன்று வெல்டு செய்து, அதில் பவுடரை நிரப்பி, சூடாக்கிக் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி, குழாயை நசுக்கி வெல்டு செய்து அடைத்துவிட்டு ஹிப்புக்கு அனுப்புவார்கள். படியில் அரிசி அளக்கும்போது குலுக்கினால் இன்னும் ஒரு பிடி கொள்ளுமே, அதுபோல நிரப்பும்போது அதிரவைத்தால் பவுடர் நெருக்கமாக இறங்கும். அப்படியும் உருண்டைப் பவுடர் உறையின் கொள்ளளவில் ஏறக்குறைய 65 சதவீதம்தான் இருக்கும், மீதி வெறும் இடைவெளி. அந்த இடைவெளி முழுக்க மறையும்போது ஒவ்வொரு பக்கமும் சுமார் 13 சதவீதம் சுருங்கும். 100 மில்லிமீட்டர் அகலம் 87 மில்லிமீட்டர் ஆகிவிடும். உறையின் மூலைகள் விறைப்பாக இருப்பதால் அங்கே குறைவாகவும் நடுவில் அதிகமாகவும் சுருங்கி, நேரான உருளை இடுப்பு ஒடுங்கி வரும். இந்தக் கணக்கைப் போட்டு உறையை வடிவமைப்பது தனி வித்தை, புதியவர்கள் தனியாக இறங்க வேண்டாம். உறையின் ஏதாவது ஒரு வெல்டில் ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் வாயு உள்ளே போய், பவுடர் முழுக்க நெருங்காமலே திரும்பி வரும். ஹீலியம் லீக் சோதனை இல்லாமல் உறையை அனுப்பவே கூடாது.

திரும்பி வந்ததும்

பெட்டியைத் திறந்ததும் நிறத்தைப் பாருங்கள். டைட்டானியம் வெள்ளி போலவோ லேசான வைக்கோல் நிறத்திலோ இருந்தால் நல்லது. நீலம், ஊதா, சாம்பல் வெள்ளை என்று போகப் போக ஆக்சிஜன் தொட்டிருக்கிறது என்று பொருள். பிறகு விரல் நுனியால் மேற்பரப்பைத் தடவுங்கள். எங்காவது சிறு பள்ளம் தட்டுப்பட்டால், அதற்குக் கீழே ஒரு பெரிய துளை அமுங்கி மூடியிருக்கிறது. சீவுவதற்காக விட்ட மெஷினிங் அலவன்ஸுக்குள் பள்ளம் அடங்கினால் கவலையில்லை. அடங்காவிட்டால் அதே இடத்தில்தான் வார்ப்பில் உலோகம் சரியாக ஊட்டப்படவில்லை. வார்ப்பகத்துக்குத் தகவல் போக வேண்டும்.

அதற்கப்புறம் சார்ட். சர்டிபிகேட்டில் 'தேர்ச்சி' என்று எழுதியிருப்பதோடு விட்டுவிடாமல் வெப்ப, அழுத்தக் கோடுகள் உள்ள சார்ட்டைக் கேட்டு வாங்குங்கள். வாயு சூடாகச் சூடாக அழுத்தமும் கூடவே ஏறும், அது இயல்பு. இரண்டு கோடுகளும் தட்டையாக ஓடும் பகுதியைத்தான் பார்க்க வேண்டும். நேரத்தை எண்ணத் தொடங்குவது உலை செட் பாயின்ட்டைத் தொட்டதிலிருந்து அல்ல. லோடில் வைத்த, வெப்பம் அளக்கும் தெர்மோகப்பிள்களில் மிகக் குளிர்ந்தது கீழ் எல்லையைத் தாண்டிய நிமிடத்திலிருந்து. பெரிய, கனமான லோடில் இந்த இரண்டுக்கும் இடையே கணிசமான இடைவெளி இருக்கும். தெர்மோகப்பிள்களின் காலிபிரேஷன் தேதியையும் அப்போதே பார்த்துவிடுங்கள். விமான வேலை என்றால் உலை வெப்ப அளவீட்டுக்கான ஏ.எம்.எஸ். 2750 விதிகளின்படி உலைச் சோதனை நடந்ததா, வெண்டரிடம் விமானத் துறையின் நாட்கேப் அங்கீகாரம் இருக்கிறதா என்று வாடிக்கையாளரின் ஆடிட்டர் கட்டாயம் கேட்பார்.

டெஸ்ட் பார் முடிவுகள் வரும்போது புதியவர்கள் பதறும் ஓர் இடம் உண்டு. லேசரில் பிரின்ட் செய்த டைட்டானியம் 6-4, பிரின்ட் ஆனபடி இழுத்துப் பார்த்தால் 1200 மெகாபாஸ்கலை ஒட்டித் தாங்கும். ஹிப்புக்குப் பின் அதே இழுவை வலிமை 1000க்குக் கீழே வரலாம். 'வலிமைப்படுத்தத்தானே அனுப்பினோம், குறைந்துவிட்டதே' என்று தோன்றும். கெட்டுப்போகவில்லை. வேகமாக ஆறியதால் உள்ளே இருந்த விறைப்பான அமைப்பு, ஹிப் சூட்டில் சற்றுக் கரடான, ஆனால் நிதானமான அமைப்பாக மாறியிருக்கிறது. நீட்சியைப் பாருங்கள், கூடியிருக்கும். பெரிய லாபம் ஃபெட்டீக் சோதனையில் தெரியும். பாகம் லட்சக்கணக்கான தடவை குலுங்கும்போது விரிசல் துளையிலிருந்துதான் கிளம்பும். துளை போனதும் ஆயுள் நீள்கிறது. அதைவிட முக்கியமாக, ஒரு பாகத்துக்கும் அடுத்த பாகத்துக்கும் இடையிலான ஏற்ற இறக்கம் குறைகிறது. விமானப் பாகத்தை வடிவமைப்பவர் காசு கொடுப்பது இந்த நம்பகத்தன்மைக்குத்தான். ஆனால் பிரின்ட்டின் சொரசொரப்பு மேற்பரப்பில் அப்படியே இருந்தால் விரிசல் அங்கிருந்து கிளம்பும், ஹிப்பின் பலன் பாதி வீணாகிவிடும். ஆகவே சுமை தாங்கும் முகங்களை மெஷின் செய்தே ஆக வேண்டும்.

இன்கோனல் 718 ஹிப் முடிந்து வந்தபடி மெத்தென்று இருக்கும். கலன் மெதுவாக ஆறுவதால் வலிமை தரும் நுண்துகள்கள் சரியாக உருவாகியிருக்காது. அதன் பின் சொல்யூஷன் ட்ரீட்மென்ட்டும் (சூடாக்கிக் கரைத்து வேகமாகக் குளிர்விப்பது), 720 டிகிரி, 620 டிகிரி என்று இரண்டு படியாக அந்த நுண்துகள்களை வளர்க்கும் ஏஜிங்கும் செய்ய வேண்டும். வேகமாகக் குளிர்விக்கும் வசதியுள்ள புதிய கலன்களில் ஹிப்பையும் சொல்யூஷன் ட்ரீட்மென்ட்டையும் ஒரே சுழற்சியில் முடிக்கிறார்கள். வெண்டரிடம் அது இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தாலும் வாடிக்கையாளரின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் படிகளைச் சேர்க்காதீர்கள்.

கலன் இருக்கும் இடத்துக்குப் போனால்

ஆடிட்டுக்கோ, லோடு ஏற்றுவதைப் பார்க்கவோ ஹிப் நிலையத்துக்குப் போக நேரும். அங்கே பலருக்கும் கலன் வெடிக்குமோ என்ற பயம்தான் முதலில் வரும். அதற்குத் தடுப்புச் சுவரும் சோதனை முறைகளும் இருக்கின்றன. சத்தமில்லாமல் ஆளைக் கொல்வது ஆர்கான். நிறமில்லை, மணமில்லை, காற்றைவிடக் கனம். கசிந்தால் தரைக்குக் கீழே உள்ள குழிகளில் போய்த் தேங்கும். கலன்கள் பெரும்பாலும் குழிக்குள்தான் நிறுத்தப்பட்டிருக்கும். காற்றில் ஆக்சிஜன் இயல்பாக 20.9 சதவீதம். 19.5க்குக் கீழே போனால் அலாரம் அடிக்கும்படி கருவி வைத்திருப்பார்கள். ஆக்சிஜன் மிகவும் குறைந்த இடத்தில் மூச்சுத் திணறல்கூடத் தெரியாது, இரண்டு மூச்சில் மயக்கம் வந்துவிடும். உங்கள் சட்டையில் ஆக்சிஜன் மீட்டர் மாட்டாமல் குழிக்குள் இறங்கச் சொன்னால், யார் சொன்னாலும் மறுத்துவிடுங்கள். உள்ளே ஒருவர் விழுந்து கிடந்தாலும் மூச்சுக் கருவி இல்லாமல் தூக்கப் போகாதீர்கள். இப்படிக் காப்பாற்றப் போனவரும் சேர்ந்து சாவது தொழிற்சாலைகளில் திரும்பத் திரும்ப நடக்கிற கொடுமை.

மேற்கொண்டு கற்க நினைத்தால் துமகூரு சாலையில் சி.எம்.டி.ஐ. (மத்திய உற்பத்தித் தொழில்நுட்ப நிறுவனம்) குறுகிய காலப் பயிற்சிகள் நடத்துகிறது. அதே சாலையில் இன்னும் தள்ளிப் போனால் பி.ஐ.இ.சி. (பெங்களூரு சர்வதேசக் கண்காட்சி மையம்) வளாகம், இம்டெக்ஸ் என்ற இயந்திரக் கருவிக் கண்காட்சி அங்கேதான் நடக்கிறது. பச்சை வழித்தட மெட்ரோ 2024 நவம்பரிலிருந்து அதன் அருகே உள்ள மாதவாரா வரை ஓடுவதால் பீன்யாவிலிருந்து போய்வருவது இப்போது சுலபம். கண்காட்சியில் ஸ்டால் ஸ்டாலாகப் பார்த்து வருவதோடு நிற்காமல், உங்கள் பட்டறையில் ரிஜெக்ட் ஆன ஒரு பாகத்தின் வெட்டுத் துண்டையோ அதன் மைக்ராஸ்கோப் படத்தையோ எடுத்துப் போங்கள், வாடிக்கையாளர் பெயரும் பாக எண்ணும் தெரியாதபடி, முதலாளியின் அனுமதியோடு. கையில் துண்டோடு போய்க் கேட்கிறவரிடம் நிபுணர்கள் நின்று பேசுவார்கள்.